பாடசாலையில் பிள்ளை தவறு செய்தால் ஆசிரியர் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது

போன தவணையில் ஒரு பின்னேரம், பாடசாலை விட்ட பிறகு, ஒரு தாய் மகனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். தரம் 7 படிக்கும் பையன். காற்சட்டைக்குக் கீழே, கெண்டைக்காலில் இரண்டு கோடுகள். ஒன்று சிவப்பாக, மற்றது கறுத்துப்போய். பிள்ளை அந்தக் காலை மற்றக் காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டே நின்றான். தாய் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "ரீச்சர், இதை யாரிட்டச் சொல்லுறது? சொன்னா பிள்ளையை ஒதுக்கிப் போடுவாங்களோ?"

அதே கிழமை ஆசிரியர் அறையில் ஒரு இளம் ஆசிரியர் வேறொரு கேள்வி கேட்டார்: "பிரம்பைத் தொடக்கூடாது எண்டா நாப்பது பேரை எப்பிடிச் சமாளிக்கிறது?"

திருகோணமலையில் வழிகாட்டல், ஆலோசனை வேலை பார்க்கும் ஆசிரியை என்ற வகையில் இந்த இரண்டு கேள்விகளும் எனக்குப் பழகிப்போனவை. இரண்டு பேரும் விதியின் பாதியை மட்டுமே கேள்விப்பட்டிருக்கிறார்கள். அடிக்கக்கூடாது என்பது அந்தப் பாதி. அடிக்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும், அதை எங்கே எழுதிவைக்க வேண்டும் என்பது மற்றப் பாதி. அந்த எழுத்து இல்லாததால்தான் பெற்றாரும் தவிக்கிறார்கள், நல்ல ஆசிரியரும் மாட்டிக்கொள்கிறார்.

முதலில் விதியைப் பார்ப்போம். பாடசாலையில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றுநிருபம் அனுப்பியது. பிறகு 2016இல் பாடசாலை ஒழுக்கம் பேணுவது பற்றிய 12/2016 இலக்கச் சுற்றுநிருபம் வந்தது. அதுவும் பிரம்பை அனுமதிக்கவில்லை. இது அமைச்சின் உள்வீட்டு விடயம் மட்டுமல்ல. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் தண்டனைச் சட்டக்கோவையில் 308அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. தன் பொறுப்பில் இருக்கும் 18 வயதுக்குக் குறைந்த ஒருவரை, துன்பமோ உடல்நலக் கேடோ வரக்கூடிய விதத்தில் வேண்டுமென்றே தாக்குவதும் கொடுமைப்படுத்துவதும் சிறுவர் கொடுமை என்ற குற்றம். தண்டனை இரண்டு வருடத்துக்குக் குறையாத, பத்து வருடத்துக்கு மேற்படாத சிறை. கண் பார்வை, காது கேட்டல் போவதைக்கூட அந்தப் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

காது என்றதும் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 2017இல் தென்பகுதிப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததில் ஒரு மாணவனின் காது கேட்கும் திறன் பாதிக்கப்பட்டது. பெற்றார் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2021 பெப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை, அதாவது சித்திரவதைக்கும் கொடூரமான, மனிதாபிமானமற்ற, இழிவான நடத்துகைக்கும் எவரும் ஆளாக்கப்படக்கூடாது என்ற உரிமை, மீறப்பட்டது என்று நீதிமன்றம் சொன்னது. ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் நட்டஈடாகக் கொடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. ஒரே ஒரு அறை. அதற்குத்தான் இவ்வளவும்.

"இழிவான" என்ற சொல்லையும் கவனியுங்கள். பிரம்பு மட்டும்தான் தண்டனை என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். எங்கள் ஊர் வெயிலில் மைதானத்தின் நடுவே முழங்காலில் இருத்துவது, காதைத் திருகுவது, எல்லோர் முன்னாலும் தலைமயிரைக் கத்தரிப்பது, தகப்பனின் தொழிலையோ ஊரையோ சாதியையோ இழுத்துத் திட்டுவது, இவற்றுக்குத் தழும்பு தெரியாது. ஆனால் பிள்ளை அதை வருடக்கணக்காகச் சுமக்கும். வேலைக்கு வந்த புதிதில் நானும் அடிமட்டத்தால் ஒரு பிள்ளையின் விரல் மொளியில் அடித்திருக்கிறேன். வீட்டு வேலை செய்யவில்லை என்பதற்காக. அந்தப் பிள்ளை இப்போது கடையில் கண்டால் சிரிக்கிறாள். எனக்குத்தான் அந்த விரல்கள் ஞாபகம் வருகின்றன.

பழைய சட்டங்களில் ஆசிரியருக்கு இடம் இருக்கிறதே என்று சிலர் வாதாடுவார்கள். உண்மைதான், 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் நியாயமான தண்டனை கொடுக்கும் உரிமை பற்றிப் பேசுகிறது. உடல் ரீதியான தண்டனையைச் சட்டத்தால் முற்றாகத் தடுக்கும் யோசனைக்கு 2024இல் அமைச்சரவை அனுமதி கொடுத்ததன் பின்னணியும் அதுதான். ஆனால் வேலையில் இருக்கும் ஆசிரியருக்கு அந்தப் பழைய வரி குடை பிடிக்காது. சுற்றுநிருபத்தை மீறினால் ஒழுக்காற்று விசாரணை வரும், மேலே சொன்ன தீர்ப்பும் இருக்கிறது.

சரி, நாற்பது பேரை எப்படிச் சமாளிப்பது?

வகுப்பில் நடக்கும் குழப்படியில் பெரும்பகுதி, கதைப்பது, பிந்தி வருவது, கொப்பி கொண்டு வராதது, நித்திரை கொள்வது, வகுப்பாசிரியரோடு முடிய வேண்டியவை. முதலாவது நாள் தனியே கூப்பிட்டுக் கதைப்பது. நான் இதை அழுத்திச் சொல்கிறேன், தனியே. ஒரு உதாரணம். முதலாம் பாடத்தில் தினமும் மேசையில் தலை வைத்துப் படுக்கும் பையன் ஒருவன் இருந்தான். இரண்டு ஆசிரியர்கள் அவனை வெளியே நிற்கவிட்டுப் பார்த்தார்கள், மாறவில்லை. நான் இடைவேளையில் கூப்பிட்டு, காலையில் எத்தனை மணிக்கு எழும்புகிறாய் என்று கேட்டேன். கையை விரித்துக் காட்டினான். கயிறு இழுத்துக் காய்ப்பேறிய கை. கரைவலை இழுக்க நாலு மணிக்குக் கடற்கரைக்குப் போகிறான், பங்குக் காசு வீட்டு அரிசிக்கு. இந்தப் பிள்ளையை அடித்து என்ன திருத்துவது? தாயை வரவழைத்துப் பேசினோம், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு அறிவித்தோம். உதவி உடனே வரவில்லை, ஆனால் மாமன் ஒருவர் கடலுக்கு அவன் இடத்தில் போக ஒத்துக்கொண்டார்.

திரும்பத் திரும்ப நடந்தால் பெற்றாருக்கு எழுத்தில் அறிவித்தல், பகுதித் தலைவர், ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியர், பிறகு பிரதி அதிபரும் ஒழுக்காற்றுக் குழுவும். ஒவ்வொரு படியிலும் திகதி, நடந்தது, பிள்ளை சொன்னது, எடுத்த முடிவு, நாலு வரி எழுதினால் போதும். பெரிய சம்பவம் என்றால் அதிபரின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் ஏற வேண்டும். பிள்ளை சொன்னதை எழுதாமல் ஆசிரியர் சொன்னதை மட்டும் எழுதும் பழக்கம் நிறைய இடத்தில் உண்டு. அது பதிவு அல்ல, ஒருபக்கக் கதை. அந்த இளம் ஆசிரியருக்கு நான் சொன்னதும் இதைத்தான்: தம்பி, ஒரு கொப்பி வையுங்கள். நாளைக்கு யாராவது பெட்டிசன் போட்டால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தக் கொப்பிதான்.

இரண்டு மாணவர் கட்டிப்பிடித்துச் சண்டை போடும்போது ஆசிரியர் குறுக்கே போய்ப் பிடித்து விலக்குவது தண்டனை இல்லை, அது கடமை. விலக்கிய பிறகு கோபத்தில் ஒன்று போடுவதுதான் எல்லை மீறல். பையைச் சோதிக்க வேண்டி வந்தால் இன்னொரு ஆசிரியரையும் வைத்துக்கொண்டு, பெண் பிள்ளை என்றால் ஆசிரியைதான், மற்ற மாணவர் முன்னால் அல்லாமல் செய்யுங்கள்.

கத்தி, போதைப்பொருள், பாலியல் சேட்டை, ஒரு பிள்ளையின் படத்தை ஃபோனில் பரப்புவது, இவை ஆசிரியர் அறையில் பேசித் தீர்க்கும் விடயங்கள் அல்ல. பாடசாலையின் பெயர் கெடும் என்று மூடி மறைத்தால் அடுத்த பிள்ளையும் பாதிக்கப்படும். பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பணியகத்துக்கும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கும் அறிவிக்க வேண்டும். தவறு செய்ததும் ஒரு பிள்ளைதான் என்பதையும் மறக்கக்கூடாது. 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்தது எதுவும் குற்றமாகாது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு விளங்கும் பக்குவம் இருந்ததா என்று நீதவான் பார்ப்பார்.

"லீவிங் வெட்டிக் கையில தந்திடுவன்" என்ற மிரட்டலையும் பெற்றார் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். 2016இல் வந்த ஒழுங்குவிதியின்படி 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். அந்த வயதுப் பிள்ளையை இன்னொரு பாடசாலையில் இடம் இல்லாமல் வீதியில் விட முடியாது. அந்த லீவிங்கை, அதாவது விடுகைப் பத்திரத்தை, நீங்களாகவே கேட்டதாகக் கடிதம் எழுதித் தரச் சொன்னால் எழுதாதீர்கள். வலயக் கல்விப் பணிமனையில் போய்க் கேளுங்கள்.

பாதுகாப்பு என்பது மதிலுக்குள் முடிவதும் இல்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை, அதாவது ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் மிதவை, கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் இறந்தார்கள். வெள்ளைச் சீருடையோடு வீட்டை விட்டுப் போன பிள்ளைகள். பிள்ளை எந்த வழியால் வருகிறது, எந்த வானில் எத்தனை பேரை நெருக்கி ஏற்றுகிறார்கள் என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். கட்டட நிதியைப் பற்றி மட்டும் பேசி எழும்பும் கூட்டங்களைப் பார்த்து எனக்கு மனம் நொந்துபோயிருக்கிறது.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். யாரிடம் சொல்வது?

காயம் இருந்தால் முதலில் வைத்தியசாலை. பொலிஸ் முறைப்பாடு போட்ட பிறகுதான் மருந்து என்று எவரும் சொல்ல முடியாது. எப்படி வந்த காயம் என்று வைத்தியருக்கு உண்மையைச் சொல்லுங்கள். விழுந்துவிட்டான் என்று சொன்னால் அதுதான் எழுதப்படும், பிறகு மாற்றுவது கஷ்டம். வழக்குக்குப் போகும் காயம் என்றால் சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பார். திகதி தெரியும்படி ஃபோனில் படம் எடுத்து வையுங்கள், ஆனால் அதை முகநூலில் போடாதீர்கள். பிள்ளையின் முகமும் பாடசாலையும் ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு அவன் எப்படி வகுப்புக்குப் போவான்?

அடுத்தது அதிபருக்குக் கடிதம். வாய்ச்சொல் வேண்டாம், மொட்டைக் கடிதமும் வேண்டாம். இரண்டு பிரதி எழுதி ஒன்றில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள், வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் வலயக் கல்விப் பணிப்பாளர். எங்கள் மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் என்று ஐந்து வலயங்கள். மாகாணப் பாடசாலை என்றால் அதற்கு மேலே மாகாணக் கல்விப் பணிப்பாளரும் மாகாணக் கல்வி அமைச்சும், இரண்டும் திருகோணமலையிலேயே. தேசிய பாடசாலை என்றால் பத்தரமுல்லை இசுருபாயவில் உள்ள கல்வி அமைச்சு.

இந்தப் படிகள் முடியும்வரை மற்றக் கதவுகளைத் தட்டக்கூடாது என்று இல்லை. 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை. பொலிஸுக்குப் போனால் முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. விளங்காத மொழியில் எழுதியதற்குக் கீழே கையொப்பம் வைக்காதீர்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. "கால் சறுக்கி விழுந்தது" என்று எழுதப்பட்ட முறைப்பாட்டில் கையொப்பம் வைத்துவிட்டு ஆறு மாதம் அலைந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது, கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. பாடசாலை விசாரித்ததா, என்ன முடிவு என்று சொல்லாமல் இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும்.

பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒதுக்கினால் அதையும் திகதியோடு எழுதுங்கள் என்றுதான் அந்தத் தாயிடம் சொன்னேன். அன்றைக்கே என் மேசையில் இருந்து, மகனின் கொப்பியில் ஒற்றையைக் கிழித்து எழுதினார். நான் ஒரு சொல்லும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கு, செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடத்தில் என் மகனுக்குக் காலில் பிரம்பால் இரண்டு அடி விழுந்தது. அவன் கணக்குச் செய்யாமல் வந்தது பிழைதான். ஏன் செய்யவில்லை என்று ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. நீங்கள் கேட்டு எனக்கு எழுத்தில் பதில் தர வேண்டும்."

மறுநாள் அதிபரின் கையொப்பத்தோடு வந்த பிரதியை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் மடிக்காமல் வைத்தார்.