மூக்குத்திப் புண் என்று ஒன்றரை வருடம்

அந்த அம்மாவுக்கு 74 வயது. வலது மூக்கில் எட்டுக்கல் பேசரி. அதன் ஓரத்தில் கடுகளவு கறுப்பாக ஒரு மேடு வந்தபோது, மூக்குத்தி உரசி வந்த புண் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். ஆசாரி திருகாணியை மாற்றிக் கொடுத்தார். மஞ்சள் வைத்தார்கள், தேங்காய் எண்ணெய் தடவினார்கள், அப்புறம் மருந்துக்கடைக் களிம்பு. பொருக்குத் தட்டும், முகம் துடைக்கும்போது துண்டில் பொட்டு ரத்தம் படும், ஆறினாற்போல் இருக்கும், மறுபடி பொருக்கு. வலி மட்டும் இல்லவே இல்லை. அதனாலேயே ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. (ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மருத்துவரான என்னிடம் வந்தபோது, விளக்கைக் கிட்டத்தில் இழுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நடுவில் சின்னப் பள்ளம். சுற்றிலும் முத்துப்போல மினுங்கும் உருண்ட விளிம்பு, அதன்மேல் நூலிழையாய் ரத்தக் குழாய்கள். பயாப்சிக்கு (துணுக்கு வெட்டியெடுத்துப் பரிசோதிப்பது) முன்பே ஏறக்குறைய தெரிந்துவிட்டது. பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோய்.

முடிவு வந்த அன்று மகன் முதலில் தனியாக உள்ளே வந்தார். "மேடம், அம்மாகிட்ட கேன்சர்னு மட்டும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாங்க" என்றார். வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். அவர்கள் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான் ஒப்புக்கொள்வதில்லை. அம்மா வந்து உட்கார்ந்தார். நான் வாயெடுப்பதற்குள் அவரே கேட்டார்: "டாக்டரம்மா, புத்துநோய்தானே? வர்ற வழியெல்லாம் இவன் பஸ்ஸுல ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்திருந்தான். பெத்தவளுக்குத் தெரியாதா?"

அடுத்து, "அடையாறுக்குப் போகணுமா? முடி கொட்டுமா?" என்று கேட்டார். 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. இருந்தும் அந்தப் பேர் காதில் விழுந்தாலே நம் ஊரில் வயிறு கலங்குகிறது. முடி கொட்டாது, கீமோ கிடையாது, மரத்துப்போக ஊசி போட்டு வெட்டியெடுத்துத் தைப்பதுதான் வைத்தியம் என்றேன். அவர் முகம் தெளிந்ததை மகன் பார்த்துக்கொண்டே இருந்தார். மறைத்திருந்தால், அந்தக் கேள்விகளை யாரிடமும் கேட்காமல் ராத்திரி முழுக்க விழித்துக் கிடந்திருப்பார்.

புற்றுநோய் என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனையோ வகை நோய்களை அடைத்து வைத்திருக்கிறோம். இந்த வகை மிக மெதுவாக வளரும். மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது மிக மிக அரிது. அதற்காக விட்டுவைக்கவும் முடியாது. எலி கொறிப்பதுபோல அரித்துக்கொண்டே போகும் என்பதால் ஆங்கில மருத்துவர்கள் இதற்கு எலியை நினைவூட்டும் பெயரையே வைத்திருந்தார்கள். மூக்கோரமோ கண்ணோரமோ இருந்தால், வருடங்கள் போகப்போக குருத்தெலும்பையும் இமையையும் தின்றுவிடும். கடுகளவில் வந்தால் நாலைந்து தையல், நெல்லிக்காய் அளவில் வந்தால் மூக்கையே புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும்.

வெயிலில் பல வருடம் பட்ட தோலில்தான் இது பெரும்பாலும் வருகிறது. வெள்ளைத்தோல்காரர்களுக்கு அதிகம், நமக்குக் குறைவு. ஆனால் நம் நிறத்தில் இது பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கும், பார்க்க மச்சம்போலத் தெரியும். அறுபதுக்கு மேல் முகத்தில் புதிதாக ஒரு மச்சம் வந்தால் அதிர்ஷ்டம் என்று எண்ணாமல் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண்ணும், ஆறி ஆறித் திரும்ப வரும் புண்ணும் அப்படித்தான். மரு என்று நினைத்து முடியால் கட்டுவது, சுண்ணாம்பு வைப்பது, அம்மான் பச்சரிசிச் செடியின் பால் தடவுவது எல்லாம் மேலே பொசுக்கிவிட்டு அடியில் நோயை விட்டுவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பழைய தீக்காயத் தழும்பில் திடீரென்று புண் வந்தாலோ, உள்ளங்காலில் கறுப்புத் திட்டு படர்ந்தாலோ, அது வேறு வகைப் புற்றுநோயாக இருக்கலாம். அதற்கு இவ்வளவு அவகாசம் கிடையாது.

அறுவை சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பு, ரத்தம் நிற்காமல் போய்விடுமோ என்று மகன் தானாகவே அம்மாவின் ஆஸ்பிரினை நிறுத்திவிட்டார். அம்மாவுக்கு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. இந்தச் சின்ன வெட்டைவிட அந்த மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. அன்றே மறுபடி தொடங்கச் சொன்னேன். இதய டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

அப்புறம் பேசரியைக் கழற்ற வேண்டியிருந்தது. அறுபது வருடமாகக் கழற்றாதது, புதுத் திருகாணியும் இறுகிப்போயிருந்தது. எங்கள் சிஸ்டர் சோப்புத் தண்ணீர் விட்டு விட்டு, கால் மணி நேரம் பொறுமையாகத் திருகி எடுத்தார். அந்த அம்மா அதை வாங்கி முந்தானை நுனியில் முடிந்துகொண்டார். அன்று முழுக்க அவர் கண் கலங்கியது அந்த ஒரு நேரத்தில்தான்.

பிளாஸ்டிக் சர்ஜன் கட்டியைச் சுற்றி 4 மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுத்து, பக்கத்துத் தோலை நகர்த்தி மூடினார். விளிம்பில் நோய் மிச்சமில்லை என்று பரிசோதனைச் சாலை சொன்னது. வெட்ட முடியாத அளவுக்குத் தளர்ந்த முதியவர்களுக்குக் கதிர்வீச்சு உண்டு. தோலின் மேலோடு நிற்கும் சில கட்டிகளுக்கு இமிக்விமாட் களிம்பே போதும். வயதாகிவிட்டது, இனி எதற்கு என்று அவர்களை வீட்டிலேயே உட்கார வைக்க வேண்டியதில்லை.

ஒருமுறை வந்தவருக்கு வேறு இடத்தில் இன்னொன்று வரலாம். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறேன். தை மாதம் வந்தார். வலது மூக்கில் மெல்லிய தழும்பு, உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. இடது மூக்கில் பேசரி. மூன்று வாரம் முன்பு ஆசாரியைக் கூப்பிட்டுக் குத்திக்கொண்டாராம். சர்க்கரை இருப்பவர், என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நல்லவேளை, சீழ் வைக்கவில்லை. காதுமடலுக்குப் பின்னால், நெற்றியில், உள்ளங்காலில் எல்லாம் பார்த்துவிட்டு, அடுத்த தேதியை அவரிடமே எழுதிக் கொடுத்தேன்.