தேசிய கீதம் பாடாதது குற்றமா?

போன மாதம் ஒரு பள்ளித் தாளாளர் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு டி.சி., கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஒன்பதாம் வகுப்புப் பையன். அசெம்பிளியில் தேசிய கீதத்துக்கு எல்லோரோடும் எழுந்து நிற்கிறான், வாயை மட்டும் திறப்பதில்லை. கேட்டால் மத நம்பிக்கை என்கிறார்களாம் வீட்டில்.

"பாடலைன்னா மூணு வருஷம் ஜெயில்னு சட்டமே இருக்கே சார்?"

சட்டம் இருக்கிறது. தேசியச் சின்னங்கள் அவமதிப்பைத் தடுக்க 1971-இல் வந்தது. அதன் 3-ஆம் பிரிவைப் பிரித்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன். கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுத்தால், அல்லது பாடிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு இடைஞ்சல் செய்தால், 3 ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். பாடாமல் இருப்பவனைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது.

இதே கதை கேரளத்தில் 1985-இல் நடந்தது. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். உயர் நீதிமன்றம் கைவிட்டது. மறு ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது. மரியாதையாக எழுந்து நிற்பதே மரியாதைதான். பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்பது பிஜோ இம்மானுவேல் வழக்கு எனப்படும் அந்தத் தீர்ப்பின் சாரம். பேச்சுரிமைக்குள் பேசாமல் இருக்கும் உரிமையும் அடக்கம். கீதத்தை மதிப்பது அடிப்படைக் கடமை என்கிற அரசியலமைப்பின் 51அ பிரிவையும் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: 1911 டிசம்பர் 27-இல் கல்கத்தா காங்கிரஸில் முதலில் பாடப்பட்ட தாகூரின் பாடலை, அரசியல் நிர்ணய சபை ஓட்டெடுத்துத் தேசிய கீதமாக்கவில்லை. 1950 ஜனவரி 24 அன்று, தீர்மானத்துக்குப் பதிலாக, தலைவர் ராஜேந்திர பிரசாத் ஓர் அறிக்கை வாசித்தார். அவ்வளவுதான். எழுந்து நிற்பது, கீதத்தின் நீளம் 52 விநாடி என்பது போன்றவை உள்துறையின் ஆணைகளில் வருபவை. திரைப்படச் செய்திச் சுருளிலோ ஆவணப்படத்திலோ கீதம் வந்தால் எழ வேண்டாம் என்பதும் அவற்றில்தான் இருக்கிறது.

தியேட்டர் விவகாரம் நினைவிருக்கும். 2016 நவம்பரில் படத்துக்கு முன் கீதம் கட்டாயம் என்றது உச்ச நீதிமன்றம். 2018 ஜனவரியில் தியேட்டர்காரர் விருப்பம் என்று தானே மாற்றிக்கொண்டது. அந்த இடைக்காலத்தில் பக்கத்து சீட்டுக்காரரே போலீஸாகிவிட்டார்.

தமிழ்த்தாய் வாழ்த்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. எழுந்து நிற்கச் சொல்வது அரசாணை. 1971 சட்டம் அதற்குப் பொருந்தாது.

தாளாளர் டி.சி.யை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது, "கீதம் பாடுறப்போ பின்வரிசையில போன் நோண்டுற டீச்சர்களை என்ன சார் பண்றது?" என்றார்.

அதற்கு வக்கீல் வேண்டாம், ஒரு மெமோ போதும் என்றேன்.