காமிக்ஸா, சித்திரக்கதையா?

கீழக்கரையில் தமிழாசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் கூப்பிட்டார். பள்ளியில் பிள்ளைகள் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நாலு பக்கத்துக்குக் கட்டம் போட்டு ஒரு கதை செய்திருக்கிறாள். பாம்பன் பாலம், ஒரு வத்தைப் படகு, கடல் கொண்ட தனுஷ்கோடி எல்லாம் அதில் வருகின்றன. நண்பருக்குக் கதையில் குறை இல்லை, தலைப்பில்தான் சிக்கல். "மேலே காமிக்ஸ்னு போடவா? தமிழ் வாத்தியாரே அப்படிப் போட்டா நாளைக்கு யாராவது கேக்க மாட்டாங்களா?" என்றார். அவருக்குப் போனில் பாதி சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

காமிக்ஸ் என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே சிரிப்புதான் இருக்கிறது. கிரேக்கத்தில் 'கோமோஸ்' என்றால் ஆட்டமும் பாட்டும் குடியுமான கொண்டாட்டம். நகைச்சுவை நாடகத்தின் பெயர் அதிலிருந்து பிறந்தது. அதை ஒட்டிய 'காமிக்' லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அமெரிக்கப் பத்திரிகைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வேடிக்கைப் படங்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கின. அந்தப் பக்கத்தின் பெயர் அதில் வந்த எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது. 1929இல் டார்ஜான் படத்தொடராக வந்தபோது சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் பெயர் மாறவில்லை. கொலை நடந்தாலும் காமிக்ஸ், ஊரே அழிந்தாலும் காமிக்ஸ். நாம் வேறு அந்தக் கடைசி 'ஸ்' பன்மை என்பதைக் கவனிக்காமல் 'காமிக்ஸ்கள்' என்று இன்னொரு பன்மையையும் ஏற்றிவிட்டோம்.

தமிழில் புழங்கும் சொற்கள் மூன்று: படக்கதை, வரைகதை, சித்திரக்கதை.

படக்கதை எளிய சொல். ஆனால் எங்கள் பக்கம் படம் என்றால் முதலில் சினிமாதான். "படக்கதை சொல்லு" என்றால் நேற்றுப் பார்த்த சினிமாவின் கதையைத்தான் சொல்வார்கள். வரைகதை கச்சிதமான சொல், இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். ஆனால் பேச்சில் இன்னும் இறங்கவில்லை. சித்திரக்கதை என்பதில் 'சித்திரம்', 'கதை' இரண்டும் வடமொழியிலிருந்து வந்தவை என்பார்கள். சரி, வந்தவைதான். ஆனால் 'சித்திரமும் கைப்பழக்கம்' என்று ஔவை பாடலில் ஏறிய பிறகு அதை வெளியே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. நீரிணையைத் தாண்டினால் சிங்களத்திலும் இதற்கு 'சித்ரகதா' என்றுதான் பெயர். என் ஓட்டு சித்திரக்கதைக்கு. ஒரே காரணம், அதில் ஓவியருக்குப் பாதி, எழுதியவருக்குப் பாதி இடம் இருக்கிறது. காமிக்ஸ் என்பதில் இருவருமே இல்லை.

எழுதியவருக்கு இடம் வேண்டும் என்று ஏன் அடம் பிடிக்கிறேன் என்றால், நாம் மறப்பது அவரைத்தான். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வந்தது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் ஆசாமி. ராமநாதபுரத்தில் என் வயதுப் பையன்கள் அந்தப் புத்தகத்தைக் கைமாற்றிக் கைமாற்றி அட்டையே இல்லாமல் ஆக்கினோம். ஸ்விட்ச் போர்டைத் தொட்டுப் பார்த்து வீட்டில் அடி வாங்கியவர்களும் உண்டு. அதை எழுதியது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. 1962இல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் அந்தத் தொடரை முதலில் எழுதியவர் கென் பல்மர். அறிவியல் புனைகதை நாவல்களை எழுதிக் குவித்தவர். வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசுஸ் பிளாஸ்கோ. ஒரு நாவலாசிரியரைத்தான் படித்துக்கொண்டிருந்தோம், தெரியாமலே.

ரகசிய ஏஜெண்ட் காரிகனும் அப்படித்தான். காரிகன் என்ற பெயர் பிற்பாடு வந்தது. 1934இல் 'எக்ஸ்-9' என்ற வெறும் எண்ணாக அந்தத் துப்பறிவாளரைத் தொடங்கி வைத்தவர் டாஷியல் ஹாமெட். நிஜமாகவே துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு நாவல் எழுத வந்தவர், 'தி மால்டீஸ் ஃபால்கன்' ஆசிரியர். வரைந்தவர் அலெக்ஸ் ரேமண்ட். ஹாமெட் அதில் நெடுநாள் நிற்கவில்லை. பாட்ரீசியா ஹைஸ்மித் 1940களில் பல ஆண்டுகள் வேறு சித்திரக்கதைகளை எழுதித்தான் சம்பாதித்தார்; நாவலாசிரியராகப் பெயர் வாங்கிய பிறகு அந்தக் காலத்தைப் பற்றி வாய் திறக்கவே விரும்பவில்லை. பீட்டர் ஓ'டோனல் போன வழி நேர்மாறு. மாடஸ்டி பிளைசியை 1963இல் பத்திரிகைப் படத்தொடராகத் தொடங்கினார், 1965இல் அவளையே நாவலாக்கினார். 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது தமிழுக்கு அவள்தான் முதலில் வந்தாள்.

நம் ஆளும் ஒருவர் இருக்கிறார். புதுக்கோட்டைப் பக்கம் அரிமளத்தில் 1925இல் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி. கௌசிகன் என்ற பெயரில் பெரியவர்களுக்கு நாவல் எழுதினார். வாண்டுமாமா என்ற பெயரில் பிள்ளைகளுக்கு எழுதினார், சித்திரக்கதைகளும் எழுதினார். ஒரே கைக்கு இரண்டு பெயர். இதில் வாண்டுமாமாதான் நிலைத்தார், கௌசிகனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

உரைநடை எழுதுகிறவருக்கு இந்த வேலை ஏன் கஷ்டம் என்று நண்பர் கேட்டார். கடற்கரை ஆளுக்குக் காற்றை வைத்தே சொல்லலாம். 'கச்சான் எடுத்துவிட்டது' என்று நாவலில் இரண்டு சொல் போட்டால் வேலை முடிந்தது. சித்திரக்கதையில் காற்றை வரைய முடியாது. பனை எந்தப் பக்கம் சாய்கிறது, கரையில் நிற்பவனின் கைலி எப்படி அடிக்கிறது, மணல் எவ்வளவு உயரம் பறக்கிறது என்று ஓவியருக்குக் குறிப்பு எழுத வேண்டும். வாசகர் கண்ணில் படாத எழுத்து அது. பாலத்தையும் கடலையும் அரைப் பக்கம் வருணிக்கிற சுகமோ போய்விடும். ஓவியர் ஒரே கட்டத்தில் அதை முடித்துவிடுவார். எழுத்தாளருக்கு மிஞ்சுவது, பாத்திரங்களின் பேச்சைப் போடும் பலூனுக்குள் அடங்கும் பத்துச் சொல். மொழிபெயர்த்து வரும் கதைகளில் அதுவும் பெரிய பாடு. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பலூனில் 'போய்க்கொண்டிருக்கிறார்கள்' எங்கே நுழையும்?

அப்புறம், இந்தச் சரக்கே நமக்கு வெளியிலிருந்து வந்தது என்று நினைக்க வேண்டாம். ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசம் இருக்கிறது. சுவரிலும் கூரையிலும் சேதுபதிகள் காலத்து ஓவியங்கள், பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ராமாயணக் காட்சிகள் அடுத்தடுத்துக் கட்டம் கட்டமாகப் போகும். எந்தக் காட்சி என்று தமிழில் எழுதியும் இருக்கும். பலூன் ஒன்றுதான் பாக்கி.

'எழுது' என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பழந்தமிழில் கோடு இழுத்தாலும் எழுதுவதுதான், மை தீட்டினாலும் எழுதுவதுதான். 'எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்' என்று குறளில் வருவது கண்ணுக்கு மை தீட்டும் கோல். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று பழமொழியும் இருக்கிறது. மலையாளத்தில் சித்திரமெழுத்து என்ற சொல் அப்படியே நிற்கிறது. இடையில் நாம்தான் எழுத்தை ஒருவரிடமும் சித்திரத்தை இன்னொருவரிடமும் பிரித்துக் கொடுத்துவிட்டு, சித்திரக்கதையைப் பார்த்து இவர் எழுதினாரா வரைந்தாரா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நண்பருக்கு இது பிடித்துப்போனது. தலைப்பில் 'சித்திரக்கதை' என்று போட்டு, கீழே 'எழுதியது' என்று மட்டும் சொல்லி அந்தப் பெண்ணின் பெயரைப் போட்டார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "சார், படத்தை வேற யாரோ போட்டாங்கன்னு நெனைப்பாங்க" என்றாளாம். குறளைச் சொல்லிப் பார்த்திருக்கிறார், எடுபடவில்லை. இதழில் இப்போது 'எழுதியதும் வரைந்ததும்' என்றுதான் இருக்கிறது.