செவ்வாய் பிடிக்கும் நேரம்

செவ்வாயில் மனிதர்கள் குடியேறும் கதைகளில், மருந்து தீர்ந்துவிட்டது என்ற செய்தி வந்ததும் பூமியிலிருந்து ஒரு விண்கலம் புறப்பட்டுவிடுகிறது. 2003இல் நேர்ந்ததுபோல் இரு கோள்களும் சுமார் ஐந்தரைக் கோடி கிலோமீட்டர் வரை நெருங்கும்போது நேராகவே போய்விடலாமே என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பூமி நொடிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. வேகத்தில் சூரியனைச் சுற்றுவதால், அதிலிருந்து கிளம்பும் கலத்துக்கும் அந்த வேகம் பிறவியிலேயே அமைந்துவிடுகிறது; அதை உதறிவிட்டு நேர்கோட்டில் பாய இன்றைய ராக்கெட்டுகளுக்கு எரிபொருள் போதாது. மாறாக, அதனுடன் இன்னும் 3 கி.மீ. கூட்டினால் போதும், கலம் நீள்வட்டப் பாதையில் ஏறிச் சுமார் 259 நாள்களில் சூரியனுக்கு மறுபுறம் செவ்வாயின் பாதையைத் தொடும் என்று ஜெர்மானியப் பொறியாளர் வால்டர் ஹோமான் 1925இல் வெளியிட்ட நூலில் காட்டினார். அந்நாளில் செவ்வாயும் அங்கே வந்து சேர, புறப்படும்போது அது பூமிக்கு 44 பாகை முன்னால் இருந்தாக வேண்டும். இந்த அமைப்பு 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வாய்க்கிறது.

எனக்கு அலுக்காத இடம் இனிமேல்தான். மேலே எறிந்த கல்லைப் போல, சூரியனை விட்டு விலக விலகக் கலத்தின் வேகம் குறைந்துகொண்டே வந்து, செவ்வாயின் பாதையை எட்டும்போது நொடிக்கு 21.5 கி.மீ. ஆகிவிடுகிறது. செவ்வாயோ 24 கி.மீ. வேகத்தில் வருகிறது. ஆக, கலம் செவ்வாயைத் துரத்திப் பிடிப்பதில்லை. செவ்வாய்தான் பின்னாலிருந்து வந்து கலத்தை எட்டுகிறது. நிறுத்தத்தில் நிற்காத பேருந்து பின்னால் வர, அதே திசையில் சில அடிகள் ஓடிக் கம்பியைப் பற்றிப் படியில் தொற்றிக்கொள்பவரை நினைத்துக்கொள்ளலாம். 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் தன் எஞ்சினை ஏறத்தாழ 23 நிமிடங்கள் இயக்கியது, செவ்வாயிலிருந்து பார்த்தால் பிரேக். சூரியனிலிருந்து பார்த்தால், பின்தங்கி வந்த கலம் முடிவில் வேகம் கூடிச் செவ்வாயோடு சேர்ந்துகொண்டது. சனி பிடிப்பதைப் பற்றி ஓயாமல் பேசும் நம்மூரில், செவ்வாய் உண்மையாகவே பிடிக்கும் இந்தக் காட்சியைப் பள்ளிப் பாடத்தில் ஒரு பக்கமாவது விளக்கியிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

கதைக்குத் திரும்பினால், வாய்ப்பு தவறிய மறுநாள் மருந்து தீர்ந்தால், அடுத்த கலம் கிளம்பவே 26 மாதங்கள், வந்து சேர மேலும் எட்டரை மாதங்கள். நோயாளியைப் பூமிக்கு அனுப்பலாம் என்றாலும், வந்த கலம் திரும்புவதற்கு ஏற்ற அமைப்புக்காக அங்கேயே சுமார் 15 மாதங்கள் காத்துக் கிடக்க வேண்டும்.