செம்புக் கம்பி சுமந்தது குரலை மட்டுமல்ல

பழைய லேண்ட்லைன் போனுக்குத் தனியாக பிளக் கிடையாது. தெருவே இருட்டில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். குரல் வரும் அதே செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 50 வோல்ட் மின்சாரமும் வந்துகொண்டிருந்ததுதான் காரணம். அங்கே கரன்ட் போனால் பேட்டரிகள் தாங்கும். அப்புறம் டீசல் ஜெனரேட்டர் ஓடும்.

பிரிட்டன் இந்த அமைப்பை 2027 ஜனவரி இறுதிக்குள் மூடத் திட்டமிட்டிருக்கிறது. இனி குரல் இன்டர்நெட் வழியே போகும். செம்புக் கம்பிக்குப் பதில் வரும் கண்ணாடி இழை ஒளியைத்தான் கடத்தும், மின்சாரத்தை அல்ல. வீட்டில் கரன்ட் போனால் ரவுட்டர் அணையும், கூடவே போனும் ஊமையாகும்.

பேசுவதற்கு மட்டும் என்றால் செல்போன் போதும். ஆனால் லிஃப்ட் அவசர மணி, தீ எச்சரிக்கை என்று பலவும் அந்தக் கம்பியை நம்பியிருக்கின்றன. எனக்கு அதிகக் கவலை தருவது, தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் தொங்கும் அவசரப் பொத்தான். பிரிட்டனில் இப்படிப்பட்ட தொலைப் பராமரிப்புக் கருவிகளை நம்பி வாழ்பவர்கள் ஏறத்தாழ 18 லட்சம் பேர்.

குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டி ஒருவர் பொத்தானை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ரேடியோ அலை மூலம் ஹாலில் உள்ள பெட்டியை எழுப்புகிறது. பெட்டி கண்காணிப்பு மையத்துக்கு டயல் செய்கிறது. மறுமுனை எடுத்ததும் முதலில் பேசுவது மனிதர்கள் அல்ல. இரண்டு கருவிகளும் 'பீப்' ஒலிகளால் எந்த வீடு, என்ன எச்சரிக்கை என்று சொல்லிக்கொள்கின்றன. பிறகுதான் ஸ்பீக்கரில் குரல் வரும்.

சிக்கல் அந்த பீப்பில்தான். டிஜிட்டல் இணைப்பு ஒலியைச் சிறு பொட்டலங்களாக நறுக்கி அனுப்புகிறது. ஒன்றிரண்டு தொலைந்தாலும் நம் காது இட்டு நிரப்பிக்கொள்ளும். கருவிக்கு அது தெரியாது. ஒலி சற்றே சிதைந்தாலும் பீப் சொல்லும் எண் தப்பாகிவிடும். போனில் பேச்சு தெளிவாகக் கேட்கும், பொத்தான் மட்டும் வேலை செய்யாமல் போகலாம். விழும் நாள் வரை அது யாருக்கும் தெரியாது.

அப்படிக் கருவிகள் கைவிட்ட மோசமான சம்பவங்கள் நடந்த பிறகு, 2023 டிசம்பரில் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் டிஜிட்டல் இணைப்புக்கான கட்டாய மாற்றத்தை நிறுத்திவைக்க ஒப்புக்கொண்டன. லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்போருக்கு, கரன்ட் போனாலும் குறைந்தது 1 மணி நேரம் அவசர எண்ணை அழைக்க வழி செய்ய வேண்டும் என்கிறது ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம். என் பார்வையில் இது போதவே போதாது. 2021 நவம்பரில் ஆர்வென் புயல் வீசியபோது பல வீடுகளுக்கு நாள்கணக்கில் கரன்ட் வரவில்லை.

பீப்புக்குப் பதில் டேட்டாவாகவே தகவல் அனுப்பும், சிம் கார்டும் பேட்டரியும் உள்ள புதுப் பெட்டிகள் வந்துவிட்டன. எந்தப் பெட்டியானாலும் சரி, இணைப்பை மாற்ற வந்தவர் கிளம்புவதற்கு முன், பாட்டி ஒருமுறை பொத்தானை அழுத்தி, மையத்திலிருந்து பதில் குரல் வருகிறதா என்று கேட்டுவிட வேண்டும்.