கெடுவை நகர்த்த வேண்டாம், வேலையைக் குறையுங்கள்

பன்னிரண்டு ஆண்டுகளாக மென்பொருள் எழுதுவதுதான் என் பிழைப்பு. என்னோடு வேலை செய்யும் இளைஞர்களிடம், "சொந்தமா ஏதாவது செஞ்சிருக்கியா?" என்று கேட்பது வழக்கம். "ஒண்ணு ஆரம்பிச்சேன்ணா, பாதியில நிக்குது" என்பார்கள். காட்டச் சொல்லிப் பார்த்தால் லாகின் பக்கம் இருக்கும், டார்க் மோட் இருக்கும். எந்த வேலைக்காக அதைத் தொடங்கினார்களோ அது மட்டும் இருக்காது. அவர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. முடிக்க வேண்டிய நாள் என்று ஒன்றை யாரும் குறித்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

குறித்தவர்களிலும் பலர் அந்த நாள் நெருங்கியதும் இரண்டு வாரம் தள்ளி வைக்கிறார்கள். ஒரு முறை தள்ளினால் மறுமுறை தள்ளுவது இன்னும் சுலபம். மூன்றாம் முறை அந்தத் தேதியை அவர்களே நம்புவதில்லை.

நானும் ஒரு வேலையை எட்டு மாதம் அப்படி இழுத்திருக்கிறேன். கணினியில் ஒரே படம் நான்கைந்து இடங்களில் கிடக்குமே, அவற்றைக் கண்டுபிடிக்கும் ஒரு சின்ன நிரல். அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் ஃபைல்களைப் பிடிப்பது கடினமே இல்லை. முதலில் அளவைப் பார்க்க வேண்டும். வேறு எந்த ஃபைலுக்கும் இல்லாத அளவு என்றால் அதற்கு நகல் கிடையாது, விட்டுவிடலாம். அளவு ஒத்துப்போகிறவற்றுக்கு மட்டும் ஷா-256 ஹேஷ் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான ஒரு குறியீடு) எடுத்து ஒப்பிட்டால் போதும். ஆனால் நான் அதோடு நிற்கவில்லை. கொஞ்சம் வெட்டிய படம், வெளிச்சம் கூட்டிய படம், அனுப்பும்போது சுருங்கிப்போன படம் எல்லாவற்றையும் "இதுவும் அதுவும் ஒன்றுதான்" என்று அது சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எட்டு மாதமும் அதிலேயே போயிற்று.

அப்போதுதான் அக்கா ஃபோன் செய்தாள். லேப்டாப்பில் இடமே இல்லையாம். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எடுத்துட்டு வரேன்டா, உன்னோட அதை ரெடியா வை" என்றாள். கையில் இருந்தது ஆறு நாள்.

அன்று இரவே பட்டியலை எடுத்து வைத்து ஒவ்வொன்றாக அடித்தேன். ஒத்த சாயல் படங்களைப் பிடிக்கும் பகுதி வேண்டாம். அழகான திரை வேண்டாம், எழுத்துகள் மட்டும் ஓடும் கறுப்பு டெர்மினலே போதும். வீடியோக்களும் இப்போதைக்கு வேண்டாம். ஒன்றே ஒன்றில்தான் கை வைக்கவில்லை: நகல்களை அழிக்கக் கூடாது, தனி ஃபோல்டருக்கு நகர்த்தத்தான் வேண்டும். ஏனென்றால் படங்கள் அவளுடையவை. நம் நிரலில் ஒரு பிழை இருந்து அடுத்தவருடைய படங்கள் போய்விட்டால் எந்தக் கெடுவும் அதற்குச் சமாதானம் ஆகாது. இதை இளைஞர்களிடம் அழுத்தியே சொல்வேன். வசதிகளை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டுங்கள். பிறர் தகவலைக் காப்பாற்றும் பகுதியை வெட்டாதீர்கள். தூக்கத்தையும் வெட்ட வேண்டாம். விடிய விடிய விழித்து எழுதிய நிரலைச் சரிசெய்ய மறுநாள் முழுக்கப் போய்விடும்.

நாம் போடும் கணக்கு தப்புவது இயல்பு, அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. 1994-இல் வெளியான உளவியல் ஆய்வு ஒன்றில், ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். அனுபவசாலிகளும் இதற்கு விலக்கில்லை. டொனால்ட் கனூத் கணினித் துறையின் பெரிய மேதைகளில் ஒருவர். டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை 1978-இல் கிடைத்த ஆய்வு விடுப்பிலேயே முடித்துவிடலாம் என்று திட்டமிட்டார். இனி இதில் மாற்றமில்லை என்று அவர் நிறுத்தியபோது 1989 ஆகிவிட்டது. அவருக்கே இப்படி என்றால், சனி ஞாயிறில் மட்டும் உட்காரும் நமக்கு? அதனால் எத்தனை நாளாகும் என்று கணக்குப் போட்டு அதற்கேற்பத் தேதி குறிப்பதை நான் விட்டுவிட்டேன். தேதியை முதலில் வைத்துக்கொண்டு, அதற்குள் எவ்வளவு அடங்கும் என்று பார்க்கிறேன்.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் வேலை நடப்பதும் ஏறத்தாழ இப்படித்தான். புதிய அம்சங்களைச் சேர்க்கச் சுமார் இரண்டு வாரம் கதவு திறந்திருக்கும். அப்புறம் பிழை திருத்தம் மட்டும். ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு பதிப்பு வந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் வந்து சேராத அம்சம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டியதுதான். உலகமெங்கும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து செய்யும் வேலையே இந்த ஒழுங்கில் நடக்கும்போது, தனி ஆளான நமக்கு இது இன்னும் சுலபம்.

இன்னொன்று, கெடு நம் மனசுக்குள் மட்டும் இருந்தால் நிற்காது. அந்த நாளில் யாராவது ஒருவர் நம் வேலையைக் கையில் வாங்க வேண்டும். நண்பர், கூட வேலை செய்பவர், யாராக இருந்தாலும் சரி. "மாச கடைசிக்குள்ள முடிப்பேன்" என்று சொல்லிவைத்தால் மட்டும் போதாது. எந்த நாள், எத்தனை மணிக்கு, எதைக் காட்டப்போகிறோம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த நாளிலும் காட்ட ஒன்றுமே இல்லையா? வேலையைப் பாதியாகக் குறைத்து இன்னும் ஒரே ஒரு தேதி வையுங்கள். அதுவும் தவறினால், எதுவரை வந்தோம் என்று நான்கு வரி எழுதிவைத்துவிட்டு அந்த ப்ராஜெக்டை மூடிவிடலாம். முடிக்காத பாரத்தை ஆண்டுக்கணக்கில் மனசில் சுமப்பதைவிட அது நல்லது.

ஞாயிறு சாயங்காலம் அக்கா வந்தாள். டெர்மினலில் ஒவ்வொரு பெயராக ஓடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நகல்கள் தனி ஃபோல்டருக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு படத்தைத் திறந்து, "இது முதல்ல எந்த ஃபோல்டர்ல இருந்துச்சு?" என்று கேட்டாள். அதைக் குறித்துவைக்க வேண்டும் என்று எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட எனக்குத் தோன்றியதில்லை. ஒத்த சாயல் படங்களைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. அடுத்த தேதியை அங்கேயே உட்கார்ந்து முடிவு செய்தோம்: இரண்டு வாரம் கழித்து, அதே ஞாயிறு சாயங்காலம், பழைய இடத்தைக் குறித்துவைக்கும் அந்த ஒரு வேலை மட்டும்.