கிட்டாரின் விலை எந்தப் பலகையில் இருக்கிறது?

"தனியாகப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், கையால் செய்து தரும் கிட்டாருக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார். கடையில் இருபதாயிரத்துக்கே சுமாரான கிட்டார் கிடைக்கிறது. முதுகுக்கு அசல் ரோஸ்வுட் போடுகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கொடுக்கலாமா என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் கிட்டாரைத் திருப்பி, முன்பக்கத்தைப் பாருங்கள்.

கம்பி அதிர்வதால் ஒலி பிறக்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தக் கம்பியைக் கான்கிரீட் சுவரில் இரண்டு ஆணிகளுக்கு இடையே இழுத்துக் கட்டி மீட்டினால் பக்கத்தில் நிற்பவருக்கே சரியாகக் கேட்காது. அவ்வளவு மெல்லிய பொருளால் காற்றைத் தள்ள முடியாது. அதன் ஆட்டம், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் என்ற கட்டை வழியாக முன்பலகைக்குப் போகிறது, பலகைதான் காற்றைத் தள்ளுகிறது. பெட்டிக்குள் இருக்கும் காற்றும் துளை வழியாகச் சுமார் 100 ஹெர்ட்ஸில் அதிர்ந்து கீழ்ஸ்வரங்களுக்குக் கனம் சேர்க்கிறது. சரி, இது தெரிந்த கதை.

முன்பலகைக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கின்றன. அதை வருடக்கணக்கில் தாங்க வேண்டும். விரல் நுனி தரும் துளி ஆற்றலுக்கும் அசைந்து கொடுக்க வேண்டும். அதனால்தான் இலேசான, ஆனால் நார் ஓடும் திசையில் விறைப்பான ஸ்ப்ரூஸ் மரத்தை 2.5 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு இழைக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இங்கேதான் வருகிறது. பலகையின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கோடு மாறுகிறது. 3 மி.மீ. பலகையை 2.7 ஆக இழைத்தால் எடை 10 சதவீதம்தான் குறையும். விறைப்போ 27 சதவீதம் போய்விடும். இன்னொரு சிக்கல், மரம் இரும்புத் தகடு அல்ல. ஒரே இன மரத்தில் அறுத்த, ஒரே தடிமனுள்ள இரண்டு பலகைகளின் விறைப்பு கணிசமாக வேறுபடும். தொழிற்சாலை இயந்திரம் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குத் தேய்க்கிறது. கூட்டத்திலேயே பலவீனமான பலகையும் புடைத்துக்கொள்ளக் கூடாது என்று பார்த்து அந்த அளவை வைக்கிறார்கள். ஆக, நல்ல விறைப்பான பலகை தேவையில்லாத சதையோடே வெளியே போகிறது.

பட்டறைக்காரர் செய்வது வேறு. பலகையை இரண்டு முனைகளில் தாங்கவைத்து, நடுவில் ஒரு எடையை வைத்து எவ்வளவு வளைகிறது என்று அளப்பார். தட்டிக் கேட்பார். அப்புறம் இழைப்பார், உட்புறம் குறுக்குச் சட்டங்களை ஒட்டுவார், அவற்றையும் சீவிச் சீவித் திரும்பத் தட்டுவார். அந்த ஒரு பலகைக்கு எது சரியான தடிமனோ, அதில் நிறுத்துவார்.

மெலிதாக்க மெலிதாக்க நல்லது என்றும் இல்லை. மீட்டும்போது கம்பிக்குக் கிடைக்கும் ஆற்றல் ஒரே தடவை போட்ட முதல். இலேசான பலகை அதைச் சீக்கிரம் வாங்கிச் செலவழித்துவிடும். சத்தம் பெரிதாக இருக்கும், சட்டென்று அடங்கிவிடும். தோல் போர்த்திய பேன்ஜோ வாத்தியம் அப்படித்தான். கனத்த பலகை ஆற்றலைக் கம்பிக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். ஸ்வரம் நீளும், சத்தம் குறையும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் அவருடைய கலை.

இனி ரோஸ்வுட். 2018-இல் பிரிட்டனில் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முதுகும் பக்கமும் மட்டும் வேறு வேறு மரமாக ஆறு கிட்டார்களைச் செய்யவைத்து, மங்கிய வெளிச்சத்தில் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு 52 பேரை வாசிக்கச் சொன்னார்கள். மதிப்பெண்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன. எது எது என்று எளிதில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஸ்பெயினின் கிட்டார் கைவினைஞர் அந்தோனியோ தெ தொரெஸ் 1862-லேயே ஒரு கிட்டாரின் முதுகையும் பக்கத்தையும் காகிதக் கூழால் செய்து காட்டியிருக்கிறார். அப்படியும் பிரேசில் ரோஸ்வுட்டின் மேல் பக்தி குறையவில்லை. அதன் சர்வதேச வணிகத்தை 1992-இல் தடுக்க வேண்டி வந்தது. உலகம் அதற்கு மாற்றாக எடுத்துக்கொண்ட இந்திய ரோஸ்வுட், நம் நீலகிரியிலும் வளரும் ஈட்டி மரம்தான்.

நம்மிடமும் கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த பலாவில்தான் வீணை பேசும் என்பார்கள். வீணையில் கம்பிகளைத் தாங்கும் குதிரையைப் பற்றி சி.வி. ராமன் 1921-இலேயே எழுதினார். ஆறு வீணைகளும் கொஞ்சம் கறுப்புத் துணியும் வாங்கும் செலவில் மணியோசைக் கதையையும் சோதித்துவிடலாம். இதற்கெல்லாம் நிதி கேட்டால் சிரிக்கிறார்கள் என்பது என் வருத்தம்.

வாசகருக்கு வருவோம். பட்டறைக்காரரிடம் முன்பலகையின் தடிமனை எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று கேளுங்கள். "எல்லாமே 2.8 தான்" என்றால் கடைக்கே போகலாம். பட்டறையில் ஈரப்பதம் எவ்வளவு வைத்திருக்கிறார் என்றும் கேளுங்கள். 45 முதல் 50 சதவீதத்தில் ஒட்டிய பலகை கடலோர ஊரின் ஈரத்தில் புடைக்கும், கம்பிகள் கழுத்திலுள்ள ஃப்ரெட் என்ற உலோகப் பட்டைகளை விட்டு உயர்ந்து விரல் வலிக்கும். அவர் முன்பு செய்த ஒன்றையாவது வாசித்துப் பாருங்கள். ரோஸ்வுட்டுக்கென்று தனியாகக் கேட்கும் பணத்தை அழகுக்கான செலவாக எண்ணிக்கொள்ளுங்கள். மேடையில், அதிர்வை மின்சாரமாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப்பைச் செருகித்தான் எப்போதும் வாசிப்பேன் என்றால் இந்த ஒன்றரை லட்சம் தேவையில்லை. பிரிட்ஜுக்கு அடியில் உட்காரும் பிக்கப், பலகை காற்றோடு செய்யும் வேலையில் பெரும்பகுதியைக் கேட்பதே இல்லை.